ஊட்டி உறைபனி பார்க்க: கார் இல்லாமல், வாரநாளில், கொங்குப் பக்கமிருந்து – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊட்டியில் புல் வெள்ளையாகக் கிடக்கும் படம் போனில் வந்துவிடும். அதை நம்பிப் போனவர்களில் பலர் "ஒண்ணுமே இல்லீங்க, வெயிலுதான் அடிச்சுது" என்று திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் பனி விழாததால் அல்ல, நேரம் தவறியதால். சொந்த வண்டி இல்லாமல் அரசு பஸ்ஸையும் ரயிலையும் நம்பி, கூட்டமில்லாத வாரநாளில் போக நினைப்பவர்களுக்காக இந்தத் தொகுப்பு. கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

1. ஏனுங்க, ஊட்டில நெசமாவே பனி பெய்யுதுங்களா? காஷ்மீர் மாதிரி சறுக்கி வெளையாட முடியுமுங்களா?

பெய்வதில்லை. வானத்திலிருந்து பஞ்சுபஞ்சாக இறங்கும் வெண்பனி ஊட்டிக்கு வராது. இங்கே வருவது உறைபனி. தரையை ஒட்டிய காற்றிலிருக்கும் ஈரம் இரவில் புல்நுனியிலும் இலை ஓரத்திலும் வண்டிக் கூரையிலும் ஐஸாகப் படிகிறது. கனம் சில மில்லிமீட்டர்தான். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்பு ஒட்டியது போல வெள்ளை ஊசிகள் வரிசையாக நிற்கும். மிதித்தால் நொறுநொறு என்று சத்தம் கேட்கும். விரல் வைத்த இடம் உடனே தண்ணீராகிவிடும்.

பலகையில் சறுக்க வேண்டுமென்றால் குல்மார்க், அவுலி, மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். அது டெல்லி வழியாக ஒரு வாரப் பயணம். சித்திரை வாக்கில் "ஊட்டியில் பனிமழை" என்று வரும் வீடியோக்கள் ஆலங்கட்டி மழை, வேறொன்றுமில்லை.

2. எந்த மாசம் போனா கட்டாயம் பாக்கலாமுங்க?

கட்டாயம் என்று எந்த மாதத்தையும் சொல்ல முடியாது. டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடு வரைக்கும் வாய்ப்பு அதிகம். அதிலும் ஜனவரி நல்ல மாதம். நவம்பரில் விழுவது பெரும்பாலும் நீர்ப்பனி, அதாவது உறையாத பனித்துளி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகே உறைபனி தொடங்கும்.

வேண்டியவை மூன்று: மேகமில்லாத வானம், காற்றில்லாத இரவு, தரையில் கொஞ்சம் ஈரம். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி மூடி அந்தச் சூட்டைத் திருப்பி அனுப்பும். காற்று அடித்தால் மேலேயுள்ள சூடான காற்றும் கீழேயுள்ள குளிர்காற்றும் கலந்துவிடும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி மேகம் பரவியிருக்கும் வாரத்தில் கிளம்பாதீர்கள். அது கலைந்து வானம் துடைத்தாற்போல் ஆன இரண்டாவது, மூன்றாவது இரவுதான் அருமையான இரவு.

3. வெடியால அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்புனா ஒம்போது மணிக்குள்ள பாத்துட்டு, பொழுதோட ஊட்டுக்கு வந்தரலாமில்லீங்க?

இதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. கோவையிலிருந்து ஊட்டி சுமார் 86 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்கு ஏறினால் எட்டரைக்கு இறங்குவீர்கள். ஜனவரியில் சூரியன் உதிப்பது சுமார் 6:45க்கு. வெயில் பட்ட இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் புல் பச்சையாகிவிடும். எட்டு மணிக்கு மேல் மரநிழலிலும் கட்டட நிழலிலும் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

உறைபனி பார்ப்பதென்றால் முந்தைய இரவு ஊட்டியில் தங்கியே ஆக வேண்டும். மற்ற எல்லாத் திட்டமும் இதை வைத்துத்தான்.

4. எங்க ஏரியாவுல மாசம் ஒரு நாள் பராமரிப்புக்குன்னு கரண்ட் நிறுத்துவாங்க, அன்னிக்குப் பட்டறை லீவு. அந்த ஒரு நாளுக்குள்ள முடியுமுங்களா?

முடியும். வாரநாளில் வரும் மின்தடை நாள் இதற்கு வாகானது, தேதியும் முன்கூட்டியே தெரிந்துவிடும். புதன்கிழமை தடை என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் மாலை ஐந்தரைக்குள் பஸ் ஏறுங்கள். ஆறே முக்கால் வாக்கில் மேட்டுப்பாளையம், ஒன்பது வாக்கில் ஊட்டி. சாப்பிட்டுப் படுத்தால் புதன் காலை ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணிக்கு வெளியே வரலாம். ஆறே காலிலிருந்து ஏழே கால் வரைக்கும்தான் உங்கள் நேரம். எட்டு மணிக்கு டிபன், ஒன்பது மணிக்கு பஸ், மதியச் சோற்றுக்கு ஊடு வந்துவிடலாம்.

மூன்றாம் ஷிப்ட் பார்ப்பவர்கள் வேலை முடிந்த அன்றே கிளம்ப வேண்டாம். இரவெல்லாம் விழித்துவிட்டு மலையேறினால் மறுநாள் ஐந்தரைக்கு எழ முடியாமல் போகிறது. ஒரு தூக்கம் போட்டுவிட்டு மதியம் கிளம்புவது நல்லது.

5. பஸ்ஸு எங்கீங்க ஏறோணும்? காந்திபுரத்துல நின்னா வருமா?

ஊட்டி பஸ்ஸுக்கு மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு, அதாவது சாயிபாபா காலனிப் பக்கம் இருப்பதற்குப் போங்கள். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ் நிறைய உண்டு. உக்கடமும் சிங்காநல்லூரும் இந்தத் திசைக்கு ஆகாது. பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் வந்து இறங்குபவர்கள் இன்னொரு பஸ் மாறும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாலையில் ஊருக்குள்ளேயே முக்கால் மணி நேரம் போய்விடும்.

திருப்பூர்க்காரர்கள் கோவைக்கு வரத் தேவையில்லை. அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்விடலாம். ஈரோடு, கோபிக்காரர்களுக்குச் சத்தி, புளியம்பட்டி வழி. ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நேரடி ஊட்டி பஸ்ஸும் உண்டு. நேரடி பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பதைவிட மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி அங்கே மாறுவதே பெரும்பாலும் சீக்கிரம். கோவை ஜங்ஷனிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பாசஞ்சர் ரயிலும் உண்டு. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் நெரிசலில் மாட்டாமல் முக்கால் மணி நேரத்தில் சேர்த்துவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழிதான் வழக்கமான வழி. வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மண்சரிவால் அந்தச் சாலை அடைபட்டால் பஸ்கள் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகும், நேரம் கூடும். மேட்டுப்பாளையத்தை இரவு எட்டு மணிக்குள் தாண்டிவிடுங்கள். அதற்கு மேல் பஸ்களுக்கு இடையேயான இடைவெளி நீண்டுகொண்டே போகும்.

6. மலை ரயில்லயே போயிட்டா செலவும் கம்மி, வேடிக்கையும் பாத்துக்கலாமே?

வேடிக்கைக்கு ஈடே இல்லை. ஆனால் இந்தப் பயணத்துக்கு நேரம் ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காலை 7:10க்குக் கிளம்பி 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரம் எடுக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்துத்தான் ஏறுகிறது. 12 அடி போனால் ஒரு அடி உயரும் ஏற்றம், வேகமாகப் போக முடியாது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ரயில் என்பதால் வாரநாளிலும் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும்.

இரண்டு நாள் கையில் இருந்தால் இப்படிச் செய்யலாம்: முதல் நாள் காலை ரயிலில் ஏறி மதியம் ஊட்டி, இரவு தங்கல், மறுநாள் விடியலில் பனி, திரும்ப பஸ். ஒரே இரவுதான் என்றால் மலைக்குப் பஸ்ஸில் போய்விட்டு, பனி பார்த்தபின் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும் ரயிலில் இறங்குங்கள். 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். லவ்டேல், கேத்திப் பள்ளத்தாக்கு எல்லாம் ஜன்னலிலேயே தெரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் சுலபம். நவம்பர், டிசம்பர் மழையில் கல்லாறு–குன்னூர் பாதையில் பாறை உருண்டு ரயில் ரத்தாவது வழக்கம். அதனால் ரயிலை மட்டும் நம்பி நாள் குறிக்காதீர்கள்.

7. இ-பாஸ் எடுக்கோணுமுங்களா?

அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளிவண்டிகளுக்குத்தான் இ-பாஸ். நாலு பேர் சேர்ந்து கோவையில் டாக்ஸி எடுத்தால் அந்த வண்டிக்கு வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் வரிசை நின்றாலும் பஸ் பெரும்பாலும் தாமதமின்றிக் கடந்துவிடும்.

8. வாரநாள்னா எந்தக் கெழமை நல்லதுங்க? ஞாயித்துக்கெழமைதான எல்லாத்துக்கும் லீவு?

அதனால்தான் ஞாயிறு வேண்டாம். சனி இரவில் அறை வாடகை ஏறிவிடும், ஞாயிறு மாலை இறங்கும் பஸ்ஸில் குன்னூரிலிருந்து நின்றபடி வர வேண்டியிருக்கும். திங்கள் காலை பஸ்களில் ஊருக்குப் போய்த் திரும்பும் மாணவர்களும் வேலைக்காரர்களும் இருப்பார்கள். செவ்வாய் இரவு தங்கி புதன் காலை பார்ப்பது, அல்லது புதன் இரவு தங்கி வியாழன் காலை பார்ப்பது, இரண்டும் நிம்மதி. காலை ஆறரைக்கு ஊட்டியை அடுத்த தலைகுந்தா புல்வெளியில் (11ஆம் கேள்வி) ஞாயிறன்று தடம் பதியாத இடமே இருக்காது. மிதித்த பனி பனியாக இருப்பதில்லை. புதனன்று மொத்தப் புல்வெளியும் உங்களுக்குத்தான்.

நோம்பி நாட்களைத் தள்ளிவையுங்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும், பொங்கலை ஒட்டிய நாலைந்து நாட்களும் வாரநாளாக இருந்தாலும் கூட்டம்தான். தைப்பூசத்தின்போது ஊட்டியில் கூட்டம் இல்லாவிட்டாலும் நம் பக்கத்து பஸ் ஸ்டாண்டுகளில் பழனிக்குச் சிறப்புப் பஸ் ஓடும், கிளம்பும் இடத்திலேயே நெரிசல்.

9. ராத்திரி ஒம்போது மணிக்குப் போய் எறங்குனா ரூம் கெடைக்குமுங்களா?

வாரநாளில் கிடைக்கும். ஆனாலும் போனில் பேசிவிட்டுப் போங்கள். அந்தக் குளிரில் பையைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறி இறங்குவது சரிப்படாது. அறை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அழகான காட்சி தெரியும் என்று எல்க் ஹில் பக்கமோ தொட்டபெட்டா சாலையிலோ எடுத்தால் காலை ஐந்தரைக்கு ஆட்டோ தேட வேண்டியிருக்கும்.

போனில் நாலு கேள்வி கேளுங்கள். காலை எத்தனை மணிக்கு வெளிக்கதவு திறப்பார்கள்? வாடகை 24 மணி நேரத்துக்கா, மதியம் 12 வரைக்குமா? வெந்நீர் எந்த நேரம் வரும்? ஆளுக்கு எத்தனை கம்பளி? முதல் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். கீழே கிரில் கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் தூங்க, மாடியில் ஆறே முக்கால் வரை நின்று பனியைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

10. குளிருக்கு என்னங்க போட்டுக்கறது? ஒரு நல்ல ஸ்வெட்டர் போதுமா?

போதாது. கனமான ஒன்றைவிட மெல்லியதாக மூன்று நல்லது. உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுப் புகாத ஜெர்கின். பருத்தி பனியனை உள்ளே போட்டு வேகமாக நடந்தால் வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றதும் ஜில்லென்று முதுகில் ஒட்டும். பனியன் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, பாலியஸ்டர் கலந்த தெர்மல் திருப்பூரிலேயே கிடைக்கும்.

காது, கை, கால் மூன்றையும் மறக்காதீர்கள். குரங்குக் குல்லா அல்லது மப்ளர், கையுறை, இரண்டு ஜோடி சாக்ஸ். செருப்பு கூடவே கூடாது. உறைந்த புல் ஷூ பட்டதும் உருகும். கேன்வாஸ் ஷூ ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும். தோல் ஷூவோ ரப்பர் பூட்ஸோ இல்லையென்றால் முதல் சாக்ஸுக்கும் இரண்டாவது சாக்ஸுக்கும் நடுவே ஒரு பாலிதீன் உறையைக் கோவையிலிருந்தே மாட்டிக்கொண்டு போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை கண்டிப்பாக அமலில் இருக்கிறது, தண்ணீர் பாட்டிலுக்குக்கூட எவர்சில்வர்தான். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி வைத்துக்கொண்டாலே போதும்.

ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் இறங்கும் நேரத்துக்குக் கடை மூடியிருக்கும், பனி பார்க்கும் நேரத்துக்குத் திறந்திருக்காது.

11. வண்டியில்லாம எங்க போய் நிக்கறதுங்க?

பஸ் ஸ்டாண்டை ஒட்டியே குதிரைப் பந்தய மைதானப் பள்ளம் இருக்கிறது. ஊட்டியிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று. சாலையோரம் நின்றாலே வெண்மை தெரியும். உள்ளே போக வேண்டியதில்லை. அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் காந்தல். முக்கால் மணி நேர நடை.

நல்ல அகலமான வெண்மை வேண்டுமென்றால் தலைகுந்தா. கூடலூர் சாலையில் ஆறேழு கிலோமீட்டர். கல்லட்டி வழி பிரியும் முக்கு அது. கூடலூர், மைசூர் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி "தலைகுந்தா" என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று முந்தைய இரவே பஸ் ஸ்டாண்ட் நேரக் காப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். ஆறு மணிக்குள் பஸ் இல்லையென்றால் இரவே ஒரு ஆட்டோக்காரரிடம் போய்வர, அரை மணி காத்திருக்க என்று சேர்த்து விலை பேசி நம்பர் வாங்கிவையுங்கள். காலையில் நடுங்கிக்கொண்டு பேரம் பேச முடியாது.

அவலாஞ்சியில் குளிர் இன்னும் கடுமை. ஆனால் வண்டி இல்லாதவர்கள் விடியற்காலையில் அங்கே போய்ச் சேர முடியாது. விட்டுவிடுங்கள்.

12. தொட்டபெட்டா உச்சிதான எல்லாத்துக்கும் ஒசரம்? அங்க போனா இன்னும் ஜாஸ்தி பனி இருக்குமில்லீங்க?

இல்லை. பகலில் உயரப்போகக் குளிரும் என்பது சரி. தெளிந்த, காற்றில்லாத இரவில் கணக்கு மாறிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவைவிட, நானூறு மீட்டர் கீழே இருக்கும் ஊட்டிப் பள்ளத்தில் விடியற்காலையில் பனி அதிகம். உச்சியில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும் என்பது இன்னொரு காரணம் (2ஆம் கேள்வி).

தலைகுந்தாவிலேயே இதைப் பார்க்கலாம். புல்வெளியின் அடிப்பகுதி வெள்ளையாக இருக்கும். மேட்டில் ஏற ஏற ஒரு கோட்டுக்கு மேல் பச்சை. மரத்தடியிலும் பனி இராது. கிளைகள் மேகம் செய்யும் வேலையைச் செய்கின்றன. திறந்த, தாழ்வான, மரமில்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

13. போன்ல 4 டிகிரின்னு காட்டுச்சு, ஆனா புல்லெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. போன் தப்புங்களா?

தப்பில்லை. வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் பெட்டிக்குள் இருக்கும். அதே நேரத்தில் புல்மட்டம் அதைவிட மூன்று நாலு டிகிரி குறைவாக இருக்கும். அதனால் 0 டிகிரிக்காகக் காத்திருக்காதீர்கள். மறுநாள் அதிகாலை 4, 5 டிகிரி என்று முன்னறிவிப்பு வந்து வானமும் தெளிவாக இருந்தால் கிளம்பலாம். சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில் "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இரவு, அதிகாலை வேளையில் உறைபனி" என்ற வரி வந்தால் அது நல்ல குறி.

ஊட்டியில் இறங்கியதும் நீங்களே பாருங்கள். நட்சத்திரம் கூர்மையாகத் தெரிகிறதா? டீக்கடைப் புகை நேராக மேலே போகிறதா? ஒன்பது மணிக்கே மூச்சில் ஆவி வருகிறதா? மூன்றுக்கும் ஆமென்றால் அலாரம் வைத்துப் படுங்கள். மூடுபனி இறங்கியிருந்தால் வாய்ப்புக் குறைவு, அதுவும் மேகம் போலத்தான். ஆனாலும் இரண்டு மணிக்குக் கலைந்துவிடலாம், அலாரத்தை எடுக்க வேண்டாம்.

14. கொண்டை ஊசி வளைவுல எனக்கு வாந்தி வந்துருமுங்க. என்ன பண்றது?

பின்சக்கரத்துக்கு முன்னால் ஜன்னலோரம் உட்காருங்கள். கடைசி வரிசை வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் புரோட்டாவும் குருமாவும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். போனைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பாருங்கள். வழக்கமாக வாந்தி வருபவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, பஸ் மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போதே, அதாவது ஏற்றம் தொடங்க அரை மணி முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். வளைவு தொடங்கியபின் போட்டால் பலனில்லை. இஞ்சி மொரப்பாவும் சிலருக்குக் கேட்கும்.

15. இருட்டுல நடக்கறப்ப காட்டுமாடு, சிறுத்தை எல்லாம் வருமுங்களா?

வரும். ஊருக்குள்ளேயே வரும். காட்டுமாடும் கரடியும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் நடமாடுவது அங்கே அன்றாடம். ஆறு மணிக்கு முன் தனியாக நடக்காதீர்கள். விளக்குள்ள பெரிய சாலையிலேயே போங்கள், தேயிலைத் தோட்டக் குறுக்குவழி வேண்டாம். கையில் டார்ச் இருக்கட்டும். காட்டுமாடு சாலையில் நின்றால் அது போகும் வரை நீங்கள் நில்லுங்கள், போட்டோவுக்காக ஒரு அடிகூட முன்னே வைக்காதீர்கள். சாதுவாகத் தெரியும், திரும்பினால் தப்ப முடியாது.

16. ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சுக் குளிர் காயலாமுங்களா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டுக் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வெளியே பார்பிக்யூ போட்டுவிட்டு "தணல்தானே" என்று உள்ளே எடுத்து வருவதும் அதே ஆபத்துதான். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் குளிக்க வேண்டும். குளிர் தாங்கவில்லையென்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள், அல்லது மின்சார ஹீட்டர் கேளுங்கள்.

17. அப்பத்தாவையும் சின்னக் கொழந்தையையும் ஒட்டுக்காக் கூட்டிட்டுப் போலாமுங்களா?

கூட்டிப்போகலாம், ஆனால் ஆறு மணிக்கு வெளியே நிறுத்த வேண்டாம். அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் புல்வெளி இருந்தால், வெயில் வரும் ஏழு மணி வாக்கில் பத்து நிமிடம் காட்டிவிட்டு உள்ளே அழைத்து வந்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தக் காற்று இழுப்பைக் கிளப்பும். இன்ஹேலரைப் பையில் அல்ல, சட்டைப்பையில் வையுங்கள். நெஞ்சுவலிக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

18. போட்டோ எடுத்தா வெள்ளையே தெரியறதில்லீங்க. போனும் படக்குன்னு ஆப் ஆயிருது?

நின்றபடி எடுத்தால் புல்வெளி சாம்பல் நிறமாகத்தான் தெரியும். குத்தவைத்து உட்கார்ந்து, போனைப் புல்மட்டத்துக்கு இறக்கி, வெயில் எதிரே இருக்கும்படி எடுங்கள். முதல் வெயில் படும் ஐந்து நிமிடத்தில் ஊசி ஒவ்வொன்றும் மின்னும். குளிரில் பேட்டரி வலு இழக்கும், 30 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். ஜெர்கினுக்கு உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். திரும்ப டீக்கடைக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஈரம் படியும். துடைத்துக்கொண்டிராமல் பத்து நிமிடம் விடுங்கள், தானாகப் போகும்.

19. தேயிலைச் செடி மேல பனி அழகா இருக்குமே, தோட்டத்துக்குள்ள எறங்கி எடுக்கலாமுங்களா?

அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். உங்களுக்கு அழகு, அவர்களுக்கு நட்டம். உறைபனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும், பறிக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் செடிகளைத் தழை போட்டு மூடுகிறார்கள், விடியலில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். மலைக்காய்கறித் தோட்டமும் அப்படித்தான். மூடியிருக்கும் தழையைப் படத்துக்காக விலக்குவது பெரிய தப்பு. பனி தாக்கிய புல் சில நாட்களில் காய்ந்து சருகாகும், ஒரு பீடித் துண்டு போதும், மலையே பற்றும். புகைப்பவர்கள் புல்வெளியில் வேண்டாம்.

20. எங்களுக்கு வால்பாறையும் ஏற்காடும்தான் பக்கம். அங்க வராதுங்களா?

உயரம் பற்றாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், வால்பாறை அதற்கும் கீழே. குளிரும் மூடுபனியும் உண்டு, உறைபனியை நம்பிப் போக முடியாது. உடுமலைக்காரர்களுக்கு மூணாறு நல்ல மாற்று. மறையூர் வழியாகப் பஸ் உண்டு. செண்டுவாரை போன்ற எஸ்டேட் புல்வெளிகளில் ஜனவரியில் உறைபனி விழும். சின்னாறு காட்டுவழி என்பதால் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பழனி, தாராபுரம் பக்கத்தவர்களுக்குக் கொடைக்கானல். ஏரிப் பக்கத்துப் பள்ளங்களில் பாருங்கள். அங்கேயும் 3ஆம், 12ஆம் பதில்கள்தான் பொருந்தும்: இரவு தங்க வேண்டும், பள்ளத்தில் நிற்க வேண்டும்.

21. காரு இல்லாட்டி என்னங்க, பைக்கு இருக்குதே? ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்புனா அஞ்சரைக்குப் போயிரலாமே?

போகலாம் என்பதும் போக வேண்டும் என்பதும் வேறு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடிக்கும்போது 5 டிகிரி, உடம்புக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிராகத்தான் இருக்கும். குன்னூர் தாண்டியதும் விரல் மரத்து, பிரேக் லீவரைப் பிடித்திருக்கிறோமா என்றே தெரியாது. தூக்கமில்லாத கண், மூடுபனி, வளைவில் எதிரே வரும் காய்கறி லாரி, சாலையில் காட்டுமாடு எல்லாம் சேரும் நேரம் அது. பஸ்ஸில் போங்கள்.

22. ரூம் போட்டுப் போயும் பனி விழலீன்னா? காசு தண்டம்தானுங்களா?

முடிந்தால் இரண்டு இரவு வையுங்கள். ஒரு இரவு மேகம் வந்தாலும் அடுத்தது கிடைக்கும். ஒரே இரவுதான் என்றால் பயணத் தேதியை முன்கூட்டிக் கட்டிப்போடாமல், வாரத் தொடக்கத்தில் வானிலை பார்த்து செவ்வாயா, புதனா, வியாழனா என்று முடிவெடுங்கள். பஸ்ஸுக்கு முன்பதிவு தேவையில்லாததும் வாரநாளில் அறை கிடைப்பதும் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

புல்லில் விழாவிட்டாலும் ஒன்று செய்து பார்க்கலாம், குழந்தைகளுக்கும் பிடிக்கும். இரவு படுக்கும் முன் ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் தண்ணீர் ஊற்றி, அறைக்கு வெளியே திறந்த இடத்தில், கூரையோ மரமோ மேலே இல்லாதபடி வையுங்கள். தட்டுக்கு அடியில் காய்ந்த புல்லோ மடித்த சாக்கோ இருக்க வேண்டும், இல்லையென்றால் தரையின் சூடு ஏறிவிடும். தண்ணீர் ஆழமாக இருந்தால் உறையாது. புல்லில் வெண்மை படியாமல் வெறும் ஈரமாகக் கிடக்கும் சில காலைகளில்கூட இந்தத் தட்டில் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு கட்டியிருக்கும். ஓரத்தில் நகத்தால் நெம்பினால் முழுசாகக் கையோடு வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இறகு இறகாகக் கோடுகள் தெரியும். ஏழரைக்குள் பார்த்துவிடுங்கள்.